50 எம்எம் லென்ஸைத் தலைகீழாக மாட்டிச் செம்பனை வண்டைப் படம் எடுத்தது

செம்பனையின் (எண்ணெய்ப் பனை) ஆண் பூவில் மொய்க்கிற வண்டு 3, 4 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். கைப்பேசியை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் கறுப்பாக ஏதோ ஊர்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சாதாரண மேக்ரோ லென்ஸ் இருந்தாலும் 1 மடங்குதான், அதாவது 4 மி.மீ. வண்டு சென்சாரிலும் 4 மி.மீ. இடத்தைத்தான் பிடிக்கும், என்னுடைய சென்சாரோ 23.5 மி.மீ. அகலம். படம் நிறைய வண்டு வேண்டும் என்றால் 4 மடங்கு வேண்டும். இதற்கென்றே செய்த லென்ஸ்கள் உண்டு, கேனன் 1999-ல் கொண்டுவந்த எம்பி-இ 65 மி.மீ. 1 மடங்கிலிருந்து 5 மடங்கு வரை போகும், ஆனால் என்னிடம் இருப்பது நிக்கான், அதோடு அந்தக் காசுக்கு மோட்டாருக்கு இரண்டு டயரும் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜும் வாங்கலாம். ஆகவே ஒரு லென்ஸின் மூக்கில் இன்னொரு லென்ஸைத் தலைகீழாக மாட்டுகிற பழைய வழிக்கு வந்தேன். அதில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். தமிழில் தேடியபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏன் இந்த வண்டு என்று கேட்டால், மலேசியாவின் குளுவாங்கில் இருந்துகொண்டு இதைப் படம் எடுக்காமல் வேறு எதை எடுப்பது. மலாயாவில் செம்பனையை வியாபாரத்துக்கு நட்டது 1917-ல், சிலாங்கூர் தென்னமாரம் எஸ்டேட்டில். மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, அதன் வண்டு கூட வரவில்லை. காற்றிலேயே மகரந்தம் பரவிக்கொள்ளும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள், போதாததற்கு ஆள் வைத்துக் கையால் தூவினார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் ஆய்வாளர் கேமரூனுக்குப் போய்ப் பார்த்து, வேலையைச் செய்வது பூச்சிகள்தான் என்று காட்டிய பிறகு, எலைடோபியஸ் காமெருனிகஸ் என்ற இந்த வண்டை 1981-ல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். முதலில் விட்டது எங்கள் குளுவாங் பக்கத்து எஸ்டேட்டுகளில்தான். மரம் வந்து 64 வருஷம் கழித்து வண்டு வந்து சேர்ந்தது. என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கையால் தூவுகிற வேலையில் இருந்தவர். மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, பெண் பூ எங்கே விரிந்திருக்கிறது என்று நிரை நிரையாகத் தேடி அடித்துக்கொண்டு போவார்களாம்.

சரி, லென்ஸுக்கு வருவோம்.

தலைகீழ் ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண லென்ஸ் தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளியைப் பின்னால் கொஞ்ச தூரத்தில் இருக்கிற பிலிமிலோ சென்சாரிலோ குவிக்கும்படி செய்தது. பிழைகளைத் திருத்தியிருப்பதும் அந்தக் கணக்குக்குத்தான். அதைத் திருப்பிப் போட்டால் கணக்கும் திரும்புகிறது, சென்சார் இருந்த இடத்தில் வண்டு, அங்கிருந்து கிளம்பும் ஒளி முன்பக்கமாக இணைகதிர்களாக வெளியே போகும். இணைகதிர் என்றால் வெகுதூரத்திலிருந்து வருகிற ஒளிதானே. கேமராவில் இருக்கிற டெலி லென்ஸை (தூரத்தைக் கிட்டே காட்டுவது) முடிவிலிக்குக் குவித்து வைத்தால் அது இதை வாங்கிச் சென்சாரில் போட்டுவிடும். இரண்டு லென்ஸும் தான் எதற்குச் செய்யப்பட்டதோ அதையே செய்கிறது, அதனால்தான் படம் இவ்வளவு தெளிவாக வருகிறது. இக்கால நுண்ணோக்கிகளும் இதே ஏற்பாடுதான்.

எத்தனை மடங்கு என்பது ஒரே வகுத்தல் கணக்கு. டெலியின் குவிய நீளத்தைத் தலைகீழ் லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் போதும், டெலி 200 மி.மீ., தலைகீழ் லென்ஸ் 50 மி.மீ. என்றால் 200-ஐ 50-ஆல் வகுத்தால் 4. வேறு மாதிரி சொன்னால் 50 எம்எம் என்பது 20 டயாப்டர் (கண்ணாடியின் சக்தி அளவு) குளோஸ்-அப் கண்ணாடி. பலரும் வாங்குகிற ரேய்நாக்ஸ் டிசிஆர்-250, 8 டயாப்டர்தான், அதை 200 எம்எம் முன்னால் மாட்டினால் 1.6 மடங்கு கிடைக்கும். மோசமில்லை, வண்ணத்துப்பூச்சிக்கும் சிலந்திக்கும் அதுதான் வசதி, செம்பனை வண்டுக்குப் போதாது.

என்னிடம் இருந்தது நிக்கான் டி5300 கேமரா உடம்பும், அதோடு பலர் வாங்கிய 55-200 விஆர் ஜூம் லென்ஸும். தலைகீழாகப் போட நிக்கானின் பழைய நிக்கார் 50 மி.மீ. எஃப்1.8 ஏஐ-எஸ் லென்ஸ் ஒன்றை முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே வாங்கினேன், வெளியே கீறல், கண்ணாடி சுத்தம். இரண்டுக்கும் ஃபில்டர் மரை 52 மி.மீ., அந்த ஒற்றுமைதான் இந்த ஜோடியை முடிவு செய்தது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அப்பர்ச்சர் (ஒளி நுழைகிற துளை) வளையம் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். நிக்கானில் வளையம் இல்லாத ஜி வகை லென்ஸைக் கழற்றினால் துளை சுருங்கி அடைத்துக்கொள்ளும், பின்னால் இருக்கிற சின்ன லீவரைக் காகிதம் மடித்து வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கேனன் இஎஃப் வேறு மாதிரி, கழற்றினால் முழுக்கத் திறந்தே நிற்கும். ஏஐ-எஸ்ஸில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, வளையத்தில் 4 என்று திருப்பினால் துளை எஃப்4-க்கு வந்து நிற்கும் (எஃப் எண் என்பது குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது, எண் கூடக் கூடத் துளை சின்னது).

இரண்டையும் மூக்கோடு மூக்கு சேர்க்க இரண்டு பக்கமும் ஆண் மரை உள்ள வளையம் வேண்டும். ஆன்லைனில் சில வெள்ளிக்கே கிடைக்கிறது. அலமாரியில் கீறல் விழுந்த 52 யூவி ஃபில்டர் இரண்டு சும்மா கிடந்ததால் நான் செய்தே பார்த்தேன். ஃபில்டரின் கண்ணாடியை உள்ளே ஒரு மெல்லிய வளையம் பிடித்திருக்கும், அதில் எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கும். பள்ளிக்கூடக் காம்பஸின் முனையை ஒரு வெட்டில் வைத்து இடப்பக்கம் மெல்லத் தள்ளினால் ஒன்று கழன்று வந்தது. மற்றது வரவில்லை, துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டிக் கண்ணாடியை உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று (கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்). ஃபில்டருக்குப் பின்பக்கம் ஆண் மரை, முன்பக்கம் பெண் மரை. முன்பக்கத்தையும் முன்பக்கத்தையும் ஒட்டினால் இரண்டு ஆண் மரையும் வெளியே பார்க்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

விளிம்பில் இருக்கிற கறுப்புப் பூச்சின் மேல் பசை சரியாகப் பிடிக்காது. ஒரு தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 240 நம்பர் உப்புத்தாளை நனைத்து விரித்து, வளையத்தைக் கவிழ்த்து வைத்து எட்டு போடுகிற மாதிரி தேய்த்தேன். அலுமினியம் முழுச் சுற்றும் வெள்ளையாகத் தெரிகிற வரை தேய்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வெளுத்து இன்னொரு பக்கம் கறுப்பாகவே நின்றால் வளையம் தட்டையாக இல்லை என்று பொருள். அப்புறம் இரண்டு டியூப் எபாக்சியைக் கலந்து பல்குச்சியால் மெல்லிய கோடாக இழுத்தேன். நிறைய வைத்தால் பிதுங்கி மரைக்குள் போய்விடும். இரண்டையும் சேர்த்து, நகத்தை வெளிவிளிம்பில் ஓட்டிப் பார்த்தேன், எங்கேயாவது நகம் தட்டினால் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. சரிசெய்துவிட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே ஒரு பலகை, பலகைமேல் அம்மா வீட்டு அம்மிக் குழவி. மறுநாள் காலை எடுத்தபோது கையால் முறுக்கியும் அசையவில்லை. உள்பக்கம் பளபளப்பாக இருந்தால் ஒளி சிதறிப் படம் வெளிறும், அதற்குக் கறுப்பு ஃபெல்ட் துணியை நறுக்கி உள்ளே ஒட்டிவிட்டேன்.

தலைகீழாக மாட்டியதும் லென்ஸின் பின்பக்கம் உலகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பின்கண்ணாடியும் அந்த லீவரும் எல்லாமே திறந்தவெளியில். நிக்கானே இதற்கு பிஆர்-3 என்று ஒரு வளையம் செய்தது, கிடைத்தால் வாங்கலாம். நான் ஒரு போலிப் பின்மூடியை வாங்கி, நடுவைச் சூடான கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு மாட்டினேன். ஹூடும் ஆயிற்று, பூச்சி கண்ணாடியில் ஏறாமல் தடுப்பும் ஆயிற்று. வேலை செய்ய இடம் எவ்வளவு கிடைக்கும் என்பதும் இங்கேதான் முடிவாகிறது. நிக்கான் எஃப் மவுண்டில் மவுண்ட் முகத்திலிருந்து சென்சாருக்கு 46.5 மி.மீ., திருப்பிப் போட்டால் அதே 46.5-ல்தான் வண்டு கூர்மையாகத் தெரியும். மூடி கொஞ்சம் தின்றதுபோக 35 மி.மீ. சொச்சம் கைக்கு வரும். பிளாஷ் ஒளி உள்ளே நுழைய அது தாராளம்.

முடிவிலிக்குக் குவிப்பது பழைய லென்ஸில் எளிது, 50 எம்எம்மில் அந்தப் படுத்த எட்டு வரைக்கும் திருப்பினால் முடிந்தது. 55-200-ல் தூர அளவே எழுதியிருக்காது. பின்வாசலில் நின்று குனோங் லம்பாக் மலை உச்சியின் மர விளிம்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் குவித்து, ஆட்டோ ஃபோகஸையும் விஆரையும் (கை நடுக்கத்தைத் தணிக்கிற வசதி) அணைத்து, வளையத்துக்கு ஒரு டேப் போட்டேன். அதற்கப்புறம் தெளிவுக்காக எந்த வளையத்தையும் தொடுவதில்லை, வண்டைத்தான் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். பிறகு ஓர் எஃகு ஸ்கேலைப் படம் எடுத்துப் பார்த்தேன், 200-ல் வைத்தபோது 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. 23.5-ஐ அதால் வகுத்தால் 4 மடங்கு, கணக்கும் ஸ்கேலும் ஒத்துப்போயின. 55-ல் வைத்தால் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் இருட்டு. 135-க்கு மேலே போனால்தான் மூலைகள் ஒழுங்காக வருகின்றன, ஆகவே ஜூம் இருந்தும் பாதி ஜூம்தான் நமக்கு.

இனி வருவதுதான் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொல்கிற விஷயம்: எந்த லென்ஸின் துளையை மூடுவது? பொதுவாகச் சொல்லப்படுவது, தலைகீழ் லென்ஸை முழுக்கத் திறந்துவை, கேமராவில் இருப்பதை மூடு என்று. அதுதான் கைக்கு வசதி, கேமராவின் சக்கரத்தைத் திருப்பினால் போதும். நான் இரண்டு விதமாகவும் ஸ்கேலையும் பத்து வெள்ளித் தாளின் நுண்கோடுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஜூமை எஃப்11-க்கு மூடி 50-ஐ முழுக்கத் திறந்தால் நடு நன்றாக இருக்கிறது, ஓரத்துக்குப் போகப் போகக் கோடுகள் பூத்துப்போய் மூலையும் இருண்டுவிடுகிறது. ஜூமை முழுக்கத் திறந்து 50-ஐ 4-க்கு மூடினால் மூலை வரை ஒரே சீர். யோசித்தால் காரணம் புரியும். ஓரத்துப் புள்ளியிலிருந்து வரும் ஒளி இரண்டு லென்ஸுக்கும் நடுவில் சாய்வாகப் போகிறது. துளை ஜூமின் வயிற்றுக்குள் இருந்தால், அதற்குள் நுழைய அந்தச் சாய்ந்த ஒளி 50-இன் விளிம்பு வழியாகத்தான் வர வேண்டும். 1.8-ல் திறந்திருக்கிற எந்த 50-க்கும் விளிம்புதான் பலவீனமான இடம். துளை 50-லேயே இருந்தால் எல்லாப் புள்ளியும் அதன் நடுவழியாகவே வரும். உங்கள் ஜோடிக்கு மாறலாம், டெலியின் முன்கண்ணாடி சின்னதாக இருந்தால் மூலை இருளும். ஸ்கேலை வைத்து எடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ரொம்பவும் மூடக் கூடாது. சென்சார் உணர்கிற எஃப் எண் 50-இன் வளையத்தில் எழுதியிருப்பது இல்லை. 50-ஐ 4-க்கு வைத்தால் துளை 12.5 மி.மீ., 200-ஐ அதால் வகுத்தால் எஃப்16. 2.8-ல் வைத்தால் ஏறத்தாழ எஃப்11. 5.6-க்குப் போனால் எஃப்22 தாண்டிவிடும், விளிம்புவிளைவால் (சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவது) மயிர் மாதிரி நுணுக்கம் எல்லாம் கரைந்துபோகும். நான் 2.8-க்கும் 4-க்கும் நடுவில்தான் நிற்கிறேன்.

இதற்குக் கொடுக்கிற விலை ஆழம். 4 மடங்கில், எஃப்11-ல், கூர்மையாகத் தெரிகிற தடிமன் ஏறக்குறைய 0.03 மி.மீ. வண்டின் கண் தெளிவாக இருந்தால் மூக்கு நுனி கிடையாது, மூக்கு நுனி இருந்தால் கண் கிடையாது. ஒரே படத்தில் முழு வண்டு வராது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் சேர்க்கத்தான் வேண்டும் (அடுக்கு என்பது இதுதான்). லென்ஸை ஒட்டியது ஒரு மாலை வேலை. என் நேரத்தை எல்லாம் தின்றது இந்த நகர்த்தல்தான்.

ஒன்றுக்கொன்று ஒட்டி வர 0.02 மி.மீ. நகர்த்தினால் சரியாக இருக்கும். குமிழைத் திருப்பினால் மெல்ல நகர்கிற மலிவு ஃபோகஸ் ரயில் ஒன்று வாங்கியிருந்தேன். அதன் குமிழை இருபது சுற்றுச் சுற்றி ஸ்கேலால் அளந்ததில் 20 மி.மீ. போயிருந்தது, ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஆகவே ஒரு சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு திருப்ப வேண்டும். அந்தச் சின்னக் குமிழில் ஐம்பதில் ஒன்றை எந்த விரலாலும் உணர முடியாது. பழைய சிடி ஒன்றை எடுத்தேன். காகிதத்தில் 50 கோடு போட்ட வட்டத்தை அச்சடித்து அதன் மேல் ஒட்டி, சிடியின் ஓட்டையைக் குமிழோடு எபாக்சியால் சேர்த்துவிட்டேன். சிடி 12 செ.மீ. விட்டம், சுற்றளவு 37.7 செ.மீ., அப்படியானால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 7.5 மி.மீ., கண்ணாடி போடாமலே தெரிகிற தூரம். பக்கத்தில் ஒரு குண்டூசியை நிறுத்திக் காட்டுமுள் ஆக்கினேன். விளிம்பில் விரல் வைத்து ஒரு கோடு நகர்த்து, ஒரு படம், இன்னொரு கோடு, இன்னொரு படம். எப்போதும் ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும், பின்னால் திருப்பினால் மரையில் இருக்கிற தளர்வு முதல் சில கோட்டை விழுங்கிவிடும், சிடி சுற்றும், வண்டு அசையாது. ஆரம்பத்தைத் தாண்டிவிட்டால் இரண்டு சுற்றுப் பின்னால் போய்த் திரும்ப முன்னால் வாருங்கள்.

ரயிலில் கேமராவை ஏற்றவில்லை, வண்டை ஏற்றினேன். கேமராவும் இரண்டு லென்ஸும் சேர்ந்து கனம், ரயிலில் ஏற்றினால் மூக்கு தாழ்ந்து ஆடும். வண்டுக்கு என்ன கனம். ஒரு நல்ல மரப்பலகையில் கால் அங்குல போல்ட்டால் கேமராவை இறுக்கி (இரும்புக் கடையில் கால் அங்குல விட்வொர்த் போல்ட் கேளுங்கள், ட்ரைபாட் மரைக்குச் சரியாக இருக்கும்), ஜூமின் மூக்குக்குக் கீழே ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்தேன். எதிரே ரயில், அதன் மேல் ஒரு கார்க், கார்க்கில் ஊசி. எங்கள் வீட்டு வழியாகத்தான் செம்பனைக் குலை லாரிகள் மில்லுக்குப் போகும், லாரி போனால் மேசை அதிரும், திரையில் வண்டு துள்ளும். பிளாஷில் எடுப்பதால் படம் குழம்பாது, ஷட்டரை 1/200 வினாடியில் வைத்தால் அறை வெளிச்சம் ஒன்றும் பதியாது, பிளாஷ் மின்னுவது அதைவிடச் சின்ன நேரம். ஆனாலும் லாரி போகட்டும் என்று நிறுத்திவிட்டுத்தான் அடுத்த கோடு. விசிறி கட்டாயம் நிற்க வேண்டும், இந்த வெயிலில் அது ஒன்றுதான் தண்டனை.

ஒளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டின் முதுகு பளபளக்கும். வெறும் பிளாஷ் அடித்தால் முதுகில் இரண்டு வெள்ளைப் புள்ளி, மற்றதெல்லாம் கறுப்பு. வெள்ளைத் தயிர்க் கப் ஒன்றின் அடியை வெட்டி லென்ஸ் மூக்கில் மாட்டி, வண்டு கப்புக்குள் நிற்கும்படி செய்து, வெளியே இரண்டு பக்கமும் கையால் சக்தி மாற்றுகிற யோங்நுவோ பிளாஷ் வைத்தேன். கப்புக்கும் பிளாஷுக்கும் நடுவில் கேக் செய்கிற எண்ணெய்த் தாள் ஒரு சுற்று. கப் வண்டுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மென்மை. மேலிருந்து கொஞ்சம் அதிகமும் கீழிருந்து கொஞ்சம் குறைவும் கொடுத்தால் உருண்டை உருண்டையாகத் தெரியும், எல்லாப் பக்கமும் ஒரே அளவு கொடுத்தால் தட்டையாகப் போய்விடும். ஐஎஸ்ஓ 100. என்னைக் கேட்டால் இந்த வேலையில் லென்ஸுக்கு இருக்கிற பேர் பாதி இந்தக் கப்புக்குச் சேர வேண்டியது.

வண்டுக்கு மாமா மகனைப் பிடித்தேன், இன்னும் எஸ்டேட்டில்தான் வேலை.

"மச்சான், ஆண் பூவுல ஒரு கதிர் வேணும், வண்டோட."

"பூ இருக்கு, வண்டும் இருக்கு. எதுக்கு மச்சான், வீட்டுல மரம் கிரம் வச்சிருக்கியா?"

நட்டு மூன்று நாலு வருஷமான மரங்களில் பூ முழங்கால் உயரத்திலேயே இருக்கும், ஏணி வேண்டாம். விரிந்த ஆண் பூவுக்குப் பக்கத்தில் போனாலே சோம்பு வாசனை குப்பென்று வரும். அந்த வாசனைக்குத்தான் வண்டுகள் கூடுகின்றன, பெண் பூவும் அதே மாதிரி கொஞ்சம் வாசனை விடும், ஏமாந்து அங்கே போகிற வண்டு உடம்பில் இருக்கிற மகரந்தத்தை அங்கே கொட்டிவிட்டு வரும். கதிரை ஒடித்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து, வண்டு அசையாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்தேன்.

"ஏண்டா, ரசத்துக்குப் பக்கத்துல பூச்சியைக் கொண்டாந்து வைக்கிற?" என்று அம்மா கேட்டதற்கு நியாயமான பதில் எதுவும் என்னிடம் இல்லை, டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன்.

குளிர்ந்த வண்டு கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும், நீண்ட அடுக்குக்கு அது ஆகாது. பூவிலேயே செத்துக் கிடக்கிறவை நிறைய இருந்தன, அவற்றில் கால் மடங்காத ஒன்றை எடுத்து, ஊசி முனையில் துளி பசை வைத்து வயிற்றில் ஒட்டினேன். பக்கவாட்டில் வைத்தால் முன்காலிலிருந்து பின்காலுக்கு ஒன்றரை மி.மீ. ஆழம் வரும், சிடியில் எழுபது எழுபத்தைந்து கோடு. சேர்ப்பதற்கு ஸெரீன் ஸ்டேக்கர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் இரண்டு முறை உண்டு, மயிரும் காலும் குறுக்கே வருகிற இடங்களுக்கு பிமேக்ஸ், முதுகின் நிறத்துக்கும் வழவழப்புக்கும் டிமேப். இரண்டையும் ஓட்டி பிமேக்ஸின் மயிரை டிமேப் மேல் தூரிகையால் எடுத்துப் போடுவேன். காசு கொடுக்க வேண்டாம் என்றால் ஹியூகின் என்ற இலவச மென்பொருளோடு வருகிற கருவியால் வரிசைப்படுத்தி என்ஃப்யூஸ் என்ற இன்னொன்றால் சேர்க்கலாம், கொஞ்சம் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வந்த படத்தைப் பற்றி. கைப்பேசியில் கறுப்பு என்று பார்த்தது கறுப்பே இல்லை, செம்பழுப்பு. இறக்கை மூடியில் நீளவாக்கில் வரிகள், வரி முழுக்க வரிசையாகக் குழிகள். நான் ஒட்டியது ஆண், இறக்கை மூடியின் மேல்முனைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு புடைப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, ஓரத்தில் மயிர்ச் சாரி. பெண்ணுக்கு அந்தப் புடைப்பு கிடையாது, மூக்கு நீளம் அதிகம். நீண்ட மூக்கின் நடுவிலிருந்து உணர்கொம்பு கிளம்பி முழங்கை மாதிரி மடிகிறது. நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது காலை. தொடையிலிருந்து பாதம் வரை இருக்கிற சின்ன மயிர்களின் இடுக்கில் வெளிர் மஞ்சளாகத் துகள்கள் சிக்கியிருந்தன, ஒவ்வொன்றும் முப்பது மைக்ரான் சொச்சம், படத்தில் முப்பது பிக்ஸல் அகலம். பெரிதாக்கினால் சிலவற்றுக்கு மூன்று மூலை இருப்பதுகூடத் தெரிகிறது. அதுதான் மகரந்தம்.

அம்மாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "இதானா அது. நாங்க நாள் பூரா நடந்து அடிச்ச பவுடரை இது கால்லயே ஒட்டிக்கிட்டுப் போகுது பாரு." வண்டு வந்த பிறகு அந்த வேலைக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை, அம்மாவோடு இருந்த பெண்கள் களை வேலைக்கும் உதிரிப் பழம் பொறுக்கவும் போனார்களாம். அப்புறம் அந்த மஞ்சள் துகள்களைக் காட்டி, இன்னும் பெரிதாக்க முடியுமா என்றார்.

அவர் கேட்டதற்காகத்தான் 28 எம்எம் ஒன்றைத் தேடி வாங்கினேன், 200-ஐ 28-ஆல் வகுத்தால் 7 மடங்கு, படத்தின் அகலம் 3.3 மி.மீ. வண்டு ஓரத்திலிருந்து ஓரம் வரை படம் நிறைய நின்றது. ஆனால் புதிதாக எதுவும் தெரியவில்லை, 50-ல் தெரிந்ததுதான் பெரிதாகித் தெரிந்தது. காரணம் இதுதான்: எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை முன்னால் இருக்கிற லென்ஸின் எஃப் எண்தான் தீர்மானிக்கிறது, குவிய நீளம் இல்லை. 50-ம் 2.8, 28-ம் 2.8 என்றால் இரண்டும் வண்டிடமிருந்து வாங்குகிற விவரம் ஒன்றேதான். சென்சாரில் 28 எஃப்20 ஆகிவிடுகிறது, அதனால் பெரிதாக்கிய மங்கல்தான் மிச்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நுண்ணோக்கியின் ஆப்ஜெக்டிவுக்குப் போக வேண்டும், அது வேறு செலவு, வேறு பைத்தியம். 3 மி.மீ.லிருந்து 6 மி.மீ. வரை உள்ள பொருளுக்கு 200-ம் 50-ம் போதும், நான் அதோடு நின்றுவிட்டேன்.

எஸ்டேட்டுக்கே கொண்டுபோயும் எடுத்துப் பார்த்தேன். அடுக்கெல்லாம் அங்கே நடக்காது, உயிருள்ள வண்டு நிற்கவே நிற்காது. ஜூமை 135-ல் வைத்தால் 2.7 மடங்கு, 50-ஐ 5.6-க்கு மூடினால் சென்சாருக்கு எஃப்15, ஒரே படத்தில் ஆழம் 0.08 மி.மீ. வாக்கில் கிடைக்கும். இடது கையால் கதிரைப் பிடித்து அந்தக் கையின் மேலேயே லென்ஸைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி உடம்பை முன்னால் மெல்லச் சாய்க்கும்போது கண் கூர்மையாக வருகிற நொடியில் அமுக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது வீண். தயிர்க் கப் இங்கேயும் வேண்டும், ஆனால் ஒரு பக்கம் திறந்து வெட்டியது, இல்லாவிட்டால் பூவோடு மோதும். கட்டெறும்புக்கும் முசுறுக்கும் காலில் இடம் கொடுக்காதீர்கள், முட்டி போடுவதற்கு முன்னால் கீழே பார்த்துவிட்டுப் போடுங்கள். பழைய மட்டைக் குவியலுக்குள் கையை விட வேண்டாம், பாம்பு இருக்கும்.

வேலை முடிந்ததும் 50-ஐக் கழற்றி இரண்டு பக்கமும் மூடி போட்டு சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கிறேன். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ரொம்ப நாள் வேண்டாம், அதுவும் பின்கண்ணாடி வெளியே பார்த்தபடி பூந்தூளில் நின்ற லென்ஸ், முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

அடுத்து ஜூமுக்குப் பதில் 52 மரை உள்ள பழைய நிக்கார் 135 எஃப்2.8 பார்க்கிறேன். மூக்கு தாழாது, டேப்பும் வேண்டாம், 2.7 மடங்கு தோட்டத்துக்குச் சரியாக இருக்கும். யாரிடமாவது பூஞ்சை இல்லாதது இருந்தால் சொல்லுங்கள், என் 28 எம்எம்மையும் மேலே கொஞ்சம் வெள்ளியும் தருகிறேன். குளுவாங் ரயில் நிலையக் காப்பிக் கடையில் பார்க்கலாம், காப்பி நான் வாங்கித் தருகிறேன்.